டாஃப் தொட்டியில் நிக்கல் திரள் மிதக்கவில்லை: பம்ப்பையும் சேச்சுரேட்டரையும் சரிசெய்து தரக் கோரும் புகார்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மணிக்கு 5 கன மீட்டர் டாஃப் கருவியின் குறைபாடு

ஐயா,

எங்கள் நிக்கல் பிளேட்டிங் கழிவுநீருக்காக நீங்கள் பொருத்திக் கொடுத்த டாஃப் கருவி (நீரில் கரைத்த காற்றின் நுண்குமிழிகளால் கழிவுத் திரளை மேலே மிதக்க வைப்பது) ஒப்புக்கொண்டபடி வேலை செய்யவில்லை. வெளியேறும் நீரில் மொத்த நிக்கல் லிட்டருக்கு 6.4 மி.கி. இருக்கிறது. விதிப்படி 3 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

உங்கள் மெக்கானிக் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் "உங்க தண்ணியில மெட்டல் அதிகம், பாலிமரைக் கூட்டுங்க" என்றே சொல்லிவிட்டுப் போனார். அது காரணமே இல்லை. அதே நீரை 0.45 மைக்ரான் மெம்பிரேனில் வடித்துப் பார்த்தால் நிக்கல் 0.7 மி.கி.தான். பி.எச். 10-க்குக் காஸ்டிக் போட்டதுமே கரைந்திருந்த நிக்கல் ஹைட்ராக்சைடாகத் திரிந்துவிட்டது. மிச்சம் 5.7 மி.கி.யும் பச்சைத் திரளாகத்தான் இருக்கிறது. அது மேலே வராமல் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. அவர் சொல்கேட்டு, திரளை ஒன்றுசேர்க்கும் பாலிமரை 2-லிருந்து 5 பி.பி.எம்.முக்கு ஏற்றியதில், சகதியைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் துணி பிசுபிசுத்து அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

குறை காற்றில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மறுசுழற்சி (காற்றேற்றித் தொட்டிக்குத் திருப்பி விடும் நீரின் பங்கு) 30 சதவீதம், சேச்சுரேட்டர் (அந்த நீரில் காற்றைக் கரைக்கும் அழுத்த டேங்க்) அழுத்தம் 5 பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீரோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் காட்டுவது மணிக்கு 0.6 கன மீட்டர், அதாவது 12 சதவீதம். அப்போது அழுத்தம் 3 பார். வால்வைத் திறந்து 1.5 கன மீட்டருக்குக் கொண்டுபோனால் அழுத்தம் 2-க்கு இறங்கிவிடுகிறது. பம்ப்பின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: அதிகபட்ச ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) 32 மீட்டர், அதாவது சுமார் 3 பார். அதை வைத்துக்கொண்டு 5 பார் எப்படி வரும்? சேச்சுரேட்டரைத் திறந்து பார்த்தோம். உள்ளே பால் ரிங் (Pall ring, காற்றும் நீரும் நன்கு கலக்க நிரப்பும் வளையம்) ஒன்றுகூட இல்லை, வெறும் டேங்க். இந்த வளையங்களின் பேக்கிங் இருந்தால் 80 சதவீதம் காற்றுச் செறிவு கிடைக்கும். வெறும் டேங்கில் 50 வந்தாலே பெரிது.

30 டிகிரி தண்ணீருக்குக் கணக்குப் போட்டால், ஒப்பந்தப்படி ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு 23 கிராம் காற்று வெளிப்பட வேண்டும். இப்போது கிடைப்பது 2.4 கிராம். எங்கள் நீரில் திடப்பொருள் லிட்டருக்கு 600 மி.கி. ஆக, ஒரு கிலோ திரளைத் தூக்க 38 கிராம் காற்று இருக்க வேண்டிய இடத்தில் 4 கிராம்தான் இருக்கிறது. நிக்கல் ஹைட்ராக்சைடு கூழ் போன்றது, சீக்கிரம் அடியில் படியாது. அதனால்தானே செட்லிங் டேங்க்கை விட்டு டாஃப் வாங்கினோம்!

கண்ணாலேயே பார்க்கலாம். வால்வுக்கு அப்பால் வரும் நீரை ஒரு லிட்டர் அளவுச் சிலிண்டரில் பிடித்தால் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருந்து, அடியிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டே வர நாலு நிமிடமாவது ஆக வேண்டும். இங்கே சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பெரிய குமிழிகள் சடசடவென்று ஏறி, அரை நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. அழுத்தத்தை விடும் வால்வைத் தொட்டியிலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்திருப்பது இதற்கு இன்னொரு காரணம். குழாயில் வரும்போதே நுண்குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுகின்றன. பெரிய குமிழி திரளைத் தூக்காது, உடைக்கும்.

மிதக்கும் திரளை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் பிளேடு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அதையும் மட்டம் பார்த்துத் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எங்களுக்கு வேண்டியது இதுதான். மணிக்கு 1.5 கன மீட்டரில் குறைந்தது 55 மீட்டர் ஹெட் தரும் பம்ப், சேச்சுரேட்டருக்குள் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பால் ரிங், தொட்டியின் நுழைவாயிலை ஒட்டியே பொருத்திய ஊசி வால்வு. இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியதைத்தான் கேட்கிறோம். வேலை முடிந்ததும் உங்கள் ஆள் முன்னிலையில் எட்டு மணி நேரம் ஓட்டி, வடித்த மாதிரி, வடிக்காத மாதிரி இரண்டையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவோம். மொத்த நிக்கல் 3 மி.கி.க்குக் கீழே வந்த பிறகே நிறுத்திவைத்துள்ள 10 சதவீதத் தொகை விடுவிக்கப்படும்.

அதுவரை கழிவுநீரை வெளியே விடாமல் ஈக்வலைசேஷன் டேங்க்கில் தேக்கி வைத்திருக்கிறோம். ஒரு ஷிஃப்ட் பிளேட்டிங் நின்றிருக்கிறது.

இப்படிக்கு,
சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளர்

இணைப்பு: ஆய்வக அறிக்கை, பம்ப் பெயர்ப்பலகைப் படம், சிலிண்டர் சோதனைக் காணொளி