ஞாயிறு காலை ஆறரை மணிக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "நான் கட்டுன ரிமோட் விமானத்த ஞாயித்துக்கெழமை பறக்க விடப் போறேன்ப்பா" என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீ பிளஸ் டூ பரீட்சை எழுதியபோதுகூட நான் இப்படி முழித்துக் கிடக்கவில்லை என்கிறாள் உன் அம்மா. போனிலேயே சொல்லலாம் என்றால், உன்னைச் சுற்றி நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னதில் பாதி உன் காதில் விழவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் ஓசூர் வந்துவிடும்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோம் போர்டு மடித்த இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஹாட் குளூ எங்கேயும் வழியவில்லை, அது என் கை வாகு. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்து, இரண்டு நுனியும் லேசாகத் தூக்கியிருப்பது நல்லது. பழகுகிறவர்களுக்கு அந்த அமைப்புதான் சரி. ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். போர்விமானம் மாதிரி கட்டியிருக்கலாம் என்று உன் கூட்டாளி சொன்னானாம். அவன் காசில் அவன் கட்டிக்கொள்ளட்டும்.

என்னுடைய முதல் விமானம் விழுந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். "கண்மாயில காத்து அடிச்சிருச்சு" என்று அன்று வீட்டில் சொன்னேன். அன்றைக்குக் காற்றே கிடையாது.

கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ராத்திரியாக ஆறு வாரம் உட்கார்ந்து கட்டினேன். ரேடியோ, அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்குகிற பெட்டி, பழையது, ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. அதன் நினைவில் அவர் விமானத்தின் செட்டிங் முதல் இடத்திலும் என்னுடையது இரண்டாவது இடத்திலும் இருந்தன. மறுநாள் பறக்க விடப்போகிற சந்தோஷத்தில் அன்று ராத்திரி மெனுவுக்குள் போய் நோண்டிக்கொண்டிருந்தேன். முதல் இடத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. காலையில் கண்மாய்க்குப் போய் ரேடியோவின் ஸ்டிக்கை ஆட்டினேன், இறக்கை, வால் மடல் எல்லாம் அசைந்தது. சரி, நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சைக்கிள் கடை மாமா எறிந்தார். லேசாக இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன், இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. பயத்தில் முழு வலதும் கொடுத்தேன். அப்படியே குப்புறக் கவிழ்ந்து, வெடிப்பு விட்ட கரம்பையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எறிந்ததிலிருந்து மூன்று விநாடி இருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னண்ணே, அதுக்குள்ள எறங்கிருச்சு?" என்று கேட்டார். உண்மையாகவே சந்தேகத்தில்தான் கேட்டார் என்பதுதான் கொடுமை.

கருவேல மர நிழலில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் திரையில் 'மாடல் 1' என்று இருந்தது கண்ணில் பட்டது. அவர் விமானத்தில் எய்லரானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடலை, அசைக்கிற சின்ன மோட்டார் (சர்வோ) என்னுடையதற்கு நேர் எதிராக மாட்டியிருந்திருக்கிறது. அசைகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்த கதைதான்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. விமானத்தின் வால் உன்னைப் பார்க்கும்படி வைத்து, பின்னால் நின்றுகொள். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். ஸ்டிக்கை உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர், வாலில் படுத்திருக்கிற மடல், மேலே வர வேண்டும். ரட்டர், வாலில் நிமிர்ந்து நிற்கிற மடல், வலது கொடுத்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார், யார் சிரித்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஒரு தடவை, மைதானத்தில் ஒரு தடவை, பேட்டரி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும். தப்பாக இருந்தால் எதையும் பிரிக்க வேண்டாம், உன் ரேடியோவில் 'ரிவர்ஸ்' என்ற இடத்தில் அந்த மடலுக்கான சேனலை மாற்றினால் போதும். மாடலுக்கு நம்பரை விட்டுவிட்டு ஒரு பெயர் வை. பெயரைப் பார்த்தால் கண் நிற்கும்.

இதையெல்லாம் வீட்டில் பார்க்கும்போது புரொப்பெல்லர் கழற்றியிருக்க வேண்டும். என் ஆள்காட்டி விரலில் இருக்கிற தழும்பு கடையில் டின் வெட்டும்போது பட்டது என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தாய்? அம்மாவிடம் சொல்லாதே.

புரொப்பெல்லர் இல்லாமலே இன்னொன்றையும் பார்த்துவிடு. மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வேண்டுமென்றே ரேடியோவை அணைத்துப் பார். மோட்டார் நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஓடினால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஏற்பாடு, சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதே. எப்போதும் ரேடியோவை முதலில் போடு, அப்புறம் விமானத்தில் பேட்டரியைச் செருகு. முடிக்கும்போது முதலில் பேட்டரியைப் பிடுங்கு, ரேடியோவைக் கடைசியில் அணை.

எடை எங்கே நிற்கிறது என்பதுதான் அடுத்தது. இதைப் பேட்டரி உள்ளே வைத்தபிறகுதான் பார்க்க வேண்டும். உன் இறக்கையின் அகலம், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 சென்டிமீட்டர் என்று சொன்னாய். முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் இறக்கைக்கு அடியில் பேனாவால் கோடு போடு. அந்தக் கோட்டில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கு. மட்டமாக நின்றால் சரி, மூக்கு ஒரு பொட்டு கீழே சாய்ந்தாலும் சரி. வால் தொங்கினால் மட்டும் விடவே கூடாது. வால் கனத்த விமானத்தைப் பழகின கையே அடக்கமுடியாமல் திணறும், நீ எம்மாத்திரம். ஈயம், நாணயம் என்று எதையாவது ஒட்டாமல் முதலில் பேட்டரியை முன்னால் தள்ளிப் பார். நின்ற இடத்தில் பேட்டரிக்குக் கோடு போட்டு, வெல்க்ரோவால் இறுக்கிக் கட்டு. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் நகரக்கூடாது.

பேட்டரியைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, என் மகள். மூன்று செல், முழுசாக ஏறினால் 12.6 வோல்ட். சார்ஜரை நம்பாமல் மீட்டரையும் ஒரு தடவை வை. தரையில் டைல்ஸ் மேல் வைத்து, பக்கத்தில் இருந்து சார்ஜ் போடு. மெத்தையில் வேண்டாம், தூங்கிக்கொண்டும் வேண்டாம். உப்பினது தெரிந்தால் பாவம் பார்க்காமல் ஒதுக்கிவிடு. பறக்க முடியாமல் மழை வந்தால் முழு சார்ஜோடு வாரக்கணக்கில் போட்டு வைக்காதே, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வை.

இடம். நீ சொன்ன மைதானம் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெலகொண்டபள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தத் திசையாக இருந்தால் வேறு இடம் பார். 2021இல் வந்த ட்ரோன் விதிகள் இருக்கின்றன. பொம்மைதானே என்று நினைக்காதே. அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் எங்கே பறக்க விடலாம் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். பச்சை என்றால் 400 அடிக்குள் விடலாம், மஞ்சள் சிவப்பு என்றால் கிட்டப் போகாதே. 400 அடி உனக்குத் தேவையே படாது. கரண்டு கம்பி, ரோடு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்கக்கூடாது. புல் அடர்ந்த இடமாக இருந்தால் ரொம்ப நல்லது, விழுந்தாலும் தாங்கும்.

காலை ஆறரைக்கு நிற்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஓசூரில் காற்று கிளம்பிவிடும் என்று நீயேதான் சொன்னாய். வெயில் உன் முதுகில் விழுகிற மாதிரி நில், சூரியனுக்கு நேரே விமானம் போனால் கண் கூசித் தொலைத்துவிடுவாய். பார்சலில் சிவப்பு ரிப்பன் ஒரு துண்டு இருக்கும், நீ ஐந்தாம் வகுப்பில் சடைக்குக் கட்டியது, பீரோவில் கிடந்தது. அதை ரேடியோ ஆன்டெனா நுனியில் கட்டிக்கொள். காற்று எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லும். அந்தத் திசையைப் பார்த்துத்தான் எறிய வேண்டும்.

எறிகிறவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, ராக்கெட் மாதிரி மேலே பார்த்து எறியக்கூடாது. அடிவானத்தைப் பார்த்து மட்டமாக, அழுத்தி. நீ முக்கால் வேகம் கொடுத்து, சரி என்று சொன்ன பிறகுதான் அவன் கை விட வேண்டும். உன் இரண்டு கையும் ஸ்டிக்கில் இருக்க வேண்டும். நீயே எறிந்துவிட்டு ஸ்டிக்கைத் தேடாதே.

மேலே போனதும் திருப்ப வேண்டும் என்று கை துடிக்கும். இரண்டு தென்னை மர உயரம் வரும்வரை நேரே விடு. உயரம் இருந்தால்தான் தப்பு செய்து திருந்த நேரம் கிடைக்கும். திருப்பும்போது லேசாகச் சாய்த்து, எலிவேட்டரைத் துளி இழு. ஸ்டிக் மேல் எறும்பு உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொள்.

எல்லாரும் விழுகிற இடம் ஒன்று உண்டு. விமானம் உன்னை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகத் தெரியும். கம்ப்யூட்டரில் பழகுகிற சிமுலேட்டரில் எத்தனை தடவை அங்கே விழுந்தாய் என்று நீ எண்ணிக்கை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வழி சொல்கிறேன்: எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. முட்டுக் கொடுக்கிற மாதிரி. யோசிக்கவே வேண்டாம்.

டைமர் ஐந்து நிமிடத்துக்கு வை. அது அடித்ததும் எவ்வளவு நன்றாகப் பறந்துகொண்டிருந்தாலும் இறக்கிவிடு. காற்றுக்கு எதிராக வந்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தானே இறங்கி வரும். மைதானம் வரை எட்டாது போலத் தெரிந்தால் எலிவேட்டரை இழுத்து இழுத்து நீட்டாதே. வேகம் செத்து ஒரு பக்கமாகத் தொப்பென்று விழும். மோட்டாருக்குக் கொஞ்சம் வேகம் கொடு, இல்லை எங்கே வருகிறதோ அங்கேயே இறக்கு. நடந்து போய் எடுத்துக்கொண்டு வருவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

1937இல் அமெரிக்காவில் இரட்டையர் இரண்டு பேர், குட் என்று குடும்பப் பெயர், கண்ணாடிக் குழாய் வைத்த அந்தக் காலத்து வால்வு ரேடியோவை உள்ளே வைத்து ஒரு மாடல் விமானத்தைப் பறக்க விட்டார்கள். 'கஃப்' என்று அதற்குப் பெயர், இன்றைக்கும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. வால்வு ரேடியோவை மேஜையில் ஆடாமல் வைத்தே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை வானத்தில் ஏற்றியிருக்கிறார்கள் பார்.

பார்சலில் புரொப்பெல்லர் நாலு, ஃபைபர் டேப் ஒரு சுருள், ஹாட் குளூ குச்சி பத்து வைத்திருக்கிறேன். முறுக்கு டப்பா அம்மா வைத்தது, அதை உன் கூட்டாளிகளுக்கும் கொடு, எறிகிறவனுக்கு முதலில்.

ஞாயிற்றுக்கிழமை நானாகக் கூப்பிட மாட்டேன். நீ ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பையில் போன் அடித்தால் வம்பு. போனையே அணைத்து வை. எட்டு மணிக்கு மேல் நீ கூப்பிடு. கடையை அன்று திறக்கவில்லை, வீட்டில்தான் இருப்பேன். விழுந்திருந்தால் துண்டுகளைக் குப்பையில் போடாமல் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா