ரைமிங் பெல்ற் அறுந்த காரும் உங்கள் 9 இலட்சமும்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
2025.09.08

முகாமையாளர்,
வாகனத் திருத்த நிலையம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

எனது 1994ஆம் ஆண்டு ரொயோட்டா கொரொல்லா டீசல் ஸ்ரேஷன் வாகன் கார், 2சி எஞ்சின், உங்கள் கராச்சில் எஞ்சின் இறக்கியபடி 26 நாளாக நிற்கிறது. சனிக்கிழமை உங்கள் மேற்பார்வையாளர் ஃபோன் எடுத்து, "அண்ணை, உதை இனிச் செய்து பிரயோசனமில்லை. வித்துப்போட்டு வேற பாருங்கோ. வேணுமெண்டா நாங்களே 9 இலட்சத்துக்கு எடுக்கிறம்" என்றார். அதற்கான பதிலை எழுத்திலேயே தருகிறேன்.

சென்ற ஆண்டு நவம்பரில் உங்களிடம்தான், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் ரைமிங் பெல்ற்றை மாற்றினேன். மீற்றரில் அப்போது 284,610. பற்றுச்சீட்டில் பெல்ற், ரென்ஷனர் பெயரிங், ஐட்லர் பெயரிங், கூலி என்று நான்கு வரி. அடுத்த மாற்றம் 384,610 இல் என்று நீங்களே சீட்டு எழுதி டாஷ்போட்டில் ஒட்டினீர்கள். ஓகஸ்ட் 13 கிளிநொச்சிக்குப் போகும் வழியில் இயக்கச்சியில் பெல்ற் அறுந்தபோது மீற்றர் 298,000 ஐக்கூடத் தொடவில்லை.

புகையும் இல்லை, எரிந்த மணமும் இல்லை. சாவியைத் திருப்பி நிறுத்தினதுபோல் எஞ்சின் நின்றது. சூடு காட்டும் முள் நடுவிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாகூட "ஏன் தம்பி நிப்பாட்டினனீ?" என்றுதான் கேட்டா. ஒருதரம் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்ராட்டர் பாரமே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. கொம்பிரசன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், போன எஞ்சின் அப்படித்தான் சுற்றும் என்பதால் அதற்குமேல் நான் கை வைக்கவில்லை.

உங்கள் ஆட்கள் சொல்லும் காரணம் வேறு: தண்ணீர் இல்லாமல் ஓடி, ஓவர்ஹீற் ஆகி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிட்டதாம். 2சி ஹெட் சூடு தாங்காது என்பது இங்கே பழைய டீசல் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கெட்ட பெயர் உங்களுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. ரேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை; காரைக் கட்டி இழுத்து வந்த லொறிக்காரரும் மூடியைத் திறந்து பார்த்தவர். வெடித்திருந்தால் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் ரெஸ்ற் செய்து காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "பெரியவர் வரட்டும்" என்றார்கள். பெரியவர் நீங்கள்தான்.

ஓகஸ்ட் 20 கராச்சுக்கு வந்தபோது கழற்றின சாமான்கள் ஒரு தட்டில் கிடந்தன. பெல்ற் உருண்டோடும் ஐட்லர் பெயரிங்கைக் கையில் எடுத்தேன். சுற்றவே இல்லை. வெளி வளையம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. தட்டினால் கிறீஸ் கறுத்த தூளாகக் கொட்டியது. பக்கவாட்டில் நகம் சிக்கும் அளவுக்குத் துருக்குழி. ஒன்பது மாதத்துக்கு முன் பெட்டி உடைத்துப் போட்ட பெயரிங் இப்படி இருக்குமா? பெயரிங் இறுகினால் பெல்ற் அதில் உரசி அறும். அறுந்தால் வால்வை இயக்கும் கேம் நிற்கும், பிஸ்டனை இயக்கும் கிராங் நிற்காது. பிஸ்டன் போய் வால்வில் அடிக்கும். எனது எஞ்சினில் நடந்தது இதுதான். காசு வாங்கிக்கொண்டு பழைய பெயரிங்கையே விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனது முறைப்பாடு. நல்லவேளை, படம் எடுத்து வைத்தேன். அடுத்தமுறை வந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. குப்பையோடு போய்விட்டதாம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா ஒரு ஒஸ்ரின் ஏ 40 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினவர். ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல். அந்தப் பஞ்சத்திலும் எங்கள் மெக்கானிக் கழற்றின பழைய சாமானை ஒரு பால்மா ரின்னில் போட்டு அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவார்.

காரைத் திருத்துவதா விற்பதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. ஹெட் நல்லதென்றால் வால்வு, கைட், கஸ்கட், பெல்ற் செற்றோடு வேலை முடியும். வெடித்திருந்தால் வேறு ஹெட் தேட வேண்டும், இல்லாவிட்டால் ரீகண்டிசன் எஞ்சின். எஞ்சினை மாற்றினால் புது இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் வேறு. பிஸ்டனும் அடிபட்டிருந்தால் விற்பதைப் பற்றி யோசிப்பேன். ஆனால் 9 இலட்சத்துக்கல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை இந்தப் பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான்; வரியோடு சேர்த்து வரும் விலை என்னைப்போன்றவனுக்கு எட்டாது. இறக்குமதி திறக்குமுன், தைப்பொங்கல் நேரம் அயலவர் ஒருவர் இதே காரை 22 இலட்சத்துக்குக் கேட்டார். அன்று அது ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, ஹெட்டை என் முன்னால் பிரஷர் ரெஸ்ற் செய்து, முடிவை உங்கள் கடிதத்தாளில் ஒப்பமிட்டுத் தாருங்கள். கழற்றின சாமான் அத்தனையும் எனக்கு வேண்டும், குப்பையில் இருந்தாலும். பெயரிங்குக்கு வாங்கின காசையும், வால்வு வேலைக்கான முழுச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். 14 நாளுக்குள் இவை நடக்காவிட்டால், பற்றுச்சீட்டோடும் படத்தோடும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். இரண்டின் பிரதியும் இத்துடன் உள்ளன.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வருகிறேன். அதுவரை விலை பேச எனக்கு யாரும் ஃபோன் எடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாகன உரிமையாளர்