தண்டையார்பேட்டை அண்ணனுக்கு நன்றி

கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) ஏறாமல் கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று கட்டளைக்காக நின்றால், ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுசு வாங்கு என்பதுதான் வழக்கமான பதில். என் கம்ப்யூட்டருக்கு அப்படி ஆனபோது வந்து பார்த்து, பேர்கூடச் சொல்லாமல் போன தண்டையார்பேட்டை அண்ணன் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் 'எக்ஸிட்' அடிக்கச் சொன்னார். டிஸ்க்கின் எந்தப் பார்ட்டிஷனில் (பிரிவில்) கோளாறு என்று அதுவே காட்டியது: எஸ்டிஏ2. அப்புறம் கோப்பு அமைப்பின் பிழைகளைச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே மைனஸ் ஒய்', கூடவே அந்தப் பார்ட்டிஷனின் முழுப் பெயர். ஒய் போடாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் கேள்வி கேட்டுக் கழுத்தறுக்கும். மறுபடி 'எக்ஸிட்', சிஸ்டம் ஏறிவிட்டது.

பலர் இத்தோடு கிளம்பியிருப்பார்கள். இவர் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு 'சூடோ ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ' ஓட்டினார். வந்த பட்டியலில் 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளிலும் கடைசி நெடுவரிசையில் பூஜ்யம். அப்படியென்றால் டிஸ்க்கில் கெட்ட செக்டர் (தகவல் பதியும் சிறு பகுதி) எதுவும் பதிவாகவில்லை. 199 என்ற எண்ணுள்ள வரியில் மட்டும் 412. அது சிஆர்சி பிழை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு. பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. கழற்றிப் பார்த்தால் கேபிளின் உலோக முனையில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. காசிமேட்டுக் கடல் காற்று சும்மா விடுமா!

கேபிளை மாற்றிவிட்டு, "இந்த எண் குறையாது தம்பி, ஏறுதான்னு மட்டும் பாரு" என்றார்.

மூன்று வாரமாயிற்று. இன்றும் 412-தான். ரொம்ப நன்றி அண்ணா.