ஹாய் வானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

உன் கடிதம் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டுமருந்தை மறக்காதே, மறப்பாய், தெரியும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதையும் இழுத்துக்கொண்டு மகளோடு வியட்நாமின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏழாம் வகுப்பில் அந்த நாட்டை வளைந்த புடலங்காய் மாதிரி வரைவாயே, அதன் இடுப்பில் ஹுவே நகரும் குவாங் நாம் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஹாய் வான் கணவாய். ‘கடல் மேகம்’ என்று பொருளாம். உயரம் 500 மீட்டர்கூட இல்லை. ஏற்காட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அந்த மலைத்தொடர்தான் தடுத்து நிறுத்துகிறது.

2005-இல் திறந்த சுரங்கச் சாலையில் போனால் சில நிமிடங்களில் மலையைக் கடந்துவிடலாம். நாங்கள் ரயிலில் போனோம். ஹுவேயில் மூன்று நாளாக நசநசவென்று தூறல். மலையேறும்போது ரயில் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. வளைவில் எங்கள் ஜன்னலிலிருந்தே என்ஜின் தெரிந்தது, கீழே கடல். கடைசிக் குகையைத் தாண்டியதும் சுள்ளென்று வெயில். எதிரில் இருந்த அம்மாள் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், தினமும் செய்கிற வேலை போல.

இந்த மண் எல்லாம் ஒரு காலத்தில் சம்பா என்ற நாட்டின் அரசர்களுடையது. 1306-இல் சம்பா மன்னன் வடக்கே இருந்த தாய் வியட் என்ற வியட்நாமிய அரசின் இளவரசியை மணந்து, அதற்காக இரண்டு மாவட்டங்களை விட்டுக்கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டுச் சீர்! மறு வருடமே அவன் இறந்தான். பெண் திரும்பிப் போனாள், நிலம் திரும்பவில்லை. 1471-இல் சம்பாவின் தலைநகர் விஜயாவும் வியட்நாமியரிடம் விழுந்தது. சீராகப் போன அந்த மண்ணில்தான் பிற்காலத்தில் ஹுவே, வியட்நாம் அரசர்களுக்குத் தலைநகரானது. அரண்மனை பெரிது, ஆனால் என் மனம் அங்கே ஒட்டவில்லை.

ஒட்டியது மீ சன்னில். காட்டுப் பள்ளத்தாக்கில் செங்கல்லால் கட்டிய சிவன் கோயில்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதே தெரியவில்லை. நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. பிற்காலத்தில் பழுதுபார்த்த இடங்களில் பாசி பூத்திருக்க, பழைய செங்கல் இன்னும் செக்கச்செவேலென்று இருக்கிறது. பெரிய கோபுரம் 1969-இல் அமெரிக்கக் குண்டில் போய்விட்டது. நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்தபோது 2020-இல் ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்தது. பூசையில்லை, விளக்கில்லை. நான் செருப்பைக் கழற்றினேன், மகள் சிரித்தாள்.

சாப்பாடும் மலையோடு மாறுகிறது. ஹுவே நூடுல்ஸில் மிளகாய் கண்ணைப் பிடுங்கும். குவாங் நாமில் மீ குவாங் என்ற மஞ்சள் நிற நூடுல்ஸ், சாறு அடியில் கொஞ்சம்தான். உனக்கு இரண்டாவது பிடிக்கும்.

தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு வருகிறேன், அந்தச் செங்கல் சுவரின் படத்தைக் கொண்டுவருகிறேன். புதுக் கண்ணால் பார்த்துச் சொல், சாந்து தெரிகிறதா என்று.

உன் பழைய பெஞ்சுக்காரன்