மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பானப் பேக்கேஜ்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பியிருந்த கப்பல் படங்களையெல்லாம் பார்த்தோம். மயாமியிலிருந்து ஏழு இரவு, பால்கனி வைத்த கேபின், நடுவில் மூன்று துறைமுகங்கள். உன் அம்மா அந்தப் பால்கனிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படங்களுக்குக் கீழே ஒரு கேள்வி வைத்திருந்தாயே, "டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கிவிடட்டுமா அப்பா?" என்று, நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுக் கப்பலில் அளவில்லாமல் குடிக்கிற அந்தத் திட்டத்தைப் பற்றி, அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அதற்காகவே வாங்கிவிடுகிறவள் நீ. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படி.

இது நீ ஒயின் குடிப்பதைப் பற்றிய கடிதம் அல்ல. அந்தப் பேச்சு நம் வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. காலமெல்லாம் மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்தவனிடம் ஒரு விலையைக் காட்டிக் கேட்டிருக்கிறாய். விலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உனக்குக் காட்டியிருக்கும் விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 80 டாலர். உங்கள் கப்பல் நிறுவனமான ராயல் கரீபியனில், மதுவும் அடங்கிய இந்த டீலக்ஸ் பேக்கேஜுக்கு நிலையான விலை கிடையாது. கப்பலைப் பொறுத்தும் தேதியைப் பொறுத்தும் மாறும். நீ எந்த வாரம் பார்க்கிறாய் என்பதைப் பொறுத்துக்கூட மாறும். சரி, 80 என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறும். 94 டாலர் 40 சென்ட் ஆகிவிட்டது. ஏழு இரவுக்கும் மொத்தமாகத்தான் வாங்க வேண்டும்; குடிக்கத் தோன்றும் மூன்று நாளுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. ஆக, ஒருவருக்கு 660 டாலர் 80 சென்ட்.

இங்கேதான் நீ கவனிக்காமல் விட்ட விதி வருகிறது. ஒரு கேபினில் சட்டப்படி மது அருந்தும் வயதுடைய ஒருவர் இந்தப் பேக்கேஜை வாங்கினால், அதே கேபினில் இருக்கும் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் அந்த வயது 21. ஒருவர் வாங்கி இருவர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி; கப்பல்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் உங்கள் கேபினில் மாப்பிள்ளை இருக்கிறார். பீரைக்கூட முகர்ந்து பார்க்காத மனிதர். அவர் பெயரிலும் 660 டாலர். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,321 டாலர் 60 சென்ட்.

நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, கணவர் குடிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னால், அவருக்கு மட்டும் மது இல்லாத சிறிய பேக்கேஜைப் போட்டுத் தருவதும் உண்டு. அது ஏறக்குறைய 35 டாலர். சேவைக் கட்டணத்தோடு 41.30. அப்படிச் செய்தாலும் உங்கள் இருவருக்கும் 950 டாலர் ஆகும்.

இனி மறுபக்கம். பேக்கேஜ் இல்லாமல் நீங்கள் என்ன குடிப்பீர்கள்? உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன். இரவு உணவோடு இரண்டு கிளாஸ் ஒயின், மாலையில் நீச்சல் குளத்தருகே ஒரு காக்டெயில், காலையில் நுரை பொங்கும் ஒரு காபி. ஒயின் 12 டாலர், காக்டெயில் 14, காபி 5 என்று வைத்து, தனித்தனியாக வாங்கினாலும் ஏறுகிற அதே 18 சதவீதத்தையும் கூட்டினால் நாளொன்றுக்கு 50 டாலர் 74 சென்ட். மாப்பிள்ளைக்கு இரண்டு காபி, ஒரு குளிர்பானம், மது கலக்காத ஒரு காக்டெயில் என்றால் 27 டாலர் 14 சென்ட். ஏழு நாளுக்கு இருவருக்கும் 545 டாலர் சொச்சம். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் நாட்களில் நீங்கள் பாதிப் பகல் கப்பலிலேயே இருக்க மாட்டீர்கள் என்பதை இதில் நான் கழிக்கவே இல்லை. மெக்சிகோவின் கோஸுமெல் தீவில் இறங்கிக் கடற்கரையோரக் கடையில் நீ குடிப்பதற்குப் பேக்கேஜ் காசு கொடுக்காது. நிறுவனத்தின் சொந்தத் தீவான கோகோகேயில் மட்டும் அது செல்லும்.

பேக்கேஜுக்கும் இதற்கும் வித்தியாசம் 776 டாலர். பேக்கேஜுக்குக் கட்டிய காசை ஈடுகட்ட நீ எவ்வளவு குடிக்க வேண்டும் தெரியுமா? உன் 94 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டாலே, பானத்தின் மேல் ஏறும் 18 சதவீதத்தையும் சேர்த்து, 14 டாலர் காக்டெயில் என்றால் தினமும் ஆறு. எட்டு டாலர் பீர் என்றால் பத்து. அதுவும் எல்லா நாளும்: மதியத்துக்கு மேல் கப்பலேறும் முதல் நாளும் கணக்கு, கோஸுமெலில் வெயிலில் அலைந்துவிட்டு வந்து எட்டு மணிக்கே தூங்கிவிடும் நாளும் கணக்கு. மாப்பிள்ளையின் பங்கையும் நீயே ஈடுகட்ட வேண்டுமென்றால் பன்னிரண்டு. எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது.

"அப்பா, அது அளவில்லாதது, கணக்குப் பார்க்காமல் இருக்கலாம், அந்த நிம்மதிக்குத்தான் காசு" என்று நீ சொல்லப் போவது தெரியும். அந்த நிம்மதியை நான் இழிவாகப் பேசவில்லை. விடுமுறையில் ஒவ்வொரு கிளாஸுக்கும் மனசுக்குள் கூட்டல் போடுவது எரிச்சல்தான். ஆனால் முன்பணம் கட்டியவர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006இல் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இருவர் அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நாலரை முறைகூடப் போகவில்லை. ஒருமுறை போய் வர அவர்களுக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே கூடத்தில் பத்து டாலருக்கு ஒருமுறை என்ற சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்! காசு கட்டும் நாளில் நாம் கற்பனை செய்யும் ஆள் வேறு, பிறகு அங்கே போய் நிற்கிற ஆள் வேறு. பேக்கேஜ் வாங்கும்போது நீ நினைப்பது காலை முதல் இரவு வரை கையில் கிளாஸோடு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் இரண்டாவது கிளாஸிலேயே கொட்டாவி விடுகிறவள்.

உடற்பயிற்சிக் கூடத்தைவிடக் கப்பலில் இன்னொரு தொல்லை உண்டு. கூடத்துக்குப் போகாவிட்டால் காசு மட்டும்தான் போகும். கப்பலில் பார் பத்தடி தூரத்தில் இருக்கிறது. கொடுத்த காசை வசூலிக்கிற வழியும் அதுதான். அப்போது ஒவ்வொரு கிளாஸும் ஆசைக்காக அல்ல, பாக்கியைத் தீர்ப்பதற்காக உள்ளே போகும். கணக்குப் பார்க்காமல் இருக்கலாம் என்றுதானே வாங்கினாய்? இன்றைக்கு நான்குதானே ஆகியிருக்கிறது என்று தலைகீழாக அதே கணக்கை நாள் முழுவதும் பார்ப்பாய். பேக்கேஜில் எனக்குப் பிடிக்காதது விலையைவிட இதுதான்.

அளவில்லாதது என்பதிலும் நிபந்தனைகள் உண்டு. உன் பேக்கேஜில் ஒரு பானத்தின் விலைக்கு உச்சவரம்பு இருக்கும், 14 டாலர் அளவில். அதற்கு மேற்பட்டதைக் கேட்டால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கப்பலில் ஸ்டார்பக்ஸ் கடை இருந்தால் அங்கே அது செல்லாது. கார்னிவல் என்ற இன்னொரு நிறுவனத்தின் கப்பல்களில் பேக்கேஜுக்கு 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்று எண்ணிக்கையிலேயே எல்லை வைத்திருக்கிறார்கள். பதினைந்தை ஓர் எல்லையாக வைக்க வேண்டிய அளவுக்கு அவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரிகள் 2016 முதல் சொல்லிவரும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட்; ஒரு யூனிட் என்பது 8 கிராம் தூய மது. காசை ஈடுகட்டும் அந்த ஆறு காக்டெயிலை, ஒவ்வொன்றிலும் அமெரிக்கர்கள் ஒரு பானம் என்று கணக்கிடும் 14 கிராம் மதுதான் என்று குறைவாக வைத்தாலும், இரண்டாம் நாள் பாதியிலேயே வார வரம்பு தீர்ந்துவிடும். இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே. ஈடுகட்டுதல் என்று சொல்கிறோமே, அதற்கு உடம்பு கட்டும் விலையையும் வரவுசெலவில் எழுத வேண்டும் அல்லவா?

இவ்வளவு உற்சாகமாக அவர்கள் ஏன் இதை விற்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய ஆண்டறிக்கையே போதும். 2023இல் கார்னிவல் குழுமத்தின் வருவாய் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். அதில் சுமார் 750 கோடி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், டிக்கெட்டால் வந்தது அல்ல. பயணிகள் கப்பலில் செய்யும் செலவும் அதைச் சேர்ந்த மற்றவையும். ராயல் கரீபியனிலும் அந்தப் பங்கு பத்தில் மூன்றுக்குப் பக்கம். டிக்கெட்டைக் கண்ணைக் கவரும் விலையில் கொடுத்துவிட்டு, மதுக்கூடம், சூதாட்டக் கூடம், கரைச்சுற்றுலா, இணைய இணைப்பு என்று மீதியை வாங்கிக்கொள்வதுதான் அந்தத் தொழிலின் அமைப்பு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் அச்சிட்டே தருகிறார்கள். நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் 'இலவச'ப் பானப் பேக்கேஜ் தருகிறது. அந்த இலவசத்துக்கான 20 சதவீதச் சேவைக் கட்டணம் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலருக்கு மேல். (அந்தச் சொல்லை நம் தணிக்கை அறிக்கையில் எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்திருப்பார்.) ஆனாலும் அது 94 டாலரோடு ஒப்பிட்டால் மலிவுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்குமே இது லாபமில்லை என்று சொல்ல மாட்டேன். இருவரும் நன்றாகக் குடிப்பவர்கள், துறைமுகம் குறைவு, கடல் நாட்கள் அதிகம், விலையும் 60 டாலர் பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் கணக்கு திரும்பிவிடும். வசந்த காலத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல்களை இடம் மாற்றும்போது நடுவில் ஆறேழு நாள் தொடர்ந்து கடல்தான். அந்தப் பயணத்தில் குடிக்கிற ஜோடி ஒன்று வாங்கினால் நான் வாய் திறக்க மாட்டேன். சில்வர்ஸீ, ரீஜென்ட் போன்ற ஆடம்பரக் கப்பல்களில் டிக்கெட்டிலேயே மது அடங்கிவிடும். வைகிங் கடல் கப்பல்களில் மதிய உணவோடும் இரவு உணவோடும் பீரும் ஒயினும் உண்டு. அங்கே இந்தக் கேள்வியே எழாது, எல்லாம் டிக்கெட் விலைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கப்பலில் தண்ணீர், சாதாரணக் காபி, தேநீர், எலுமிச்சைச் சாறு, ஐஸ் டீ, காலை உணவில் பழச்சாறு எல்லாம் ஏற்கெனவே டிக்கெட்டில் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு இதுவே பாதிக்கு மேல் போதும். கப்பலேறும் நாளில் மது அருந்தும் வயதுள்ள ஒருவருக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று கொண்டுபோக அனுமதி உண்டு. ஆளுக்கு ஒன்று, ஆக இரண்டு. அவர் பங்கு பாட்டிலும் உனக்குத்தான்! பத்து கிளாஸ் வரும். கேபின் பால்கனியில் குடித்தால் கட்டணம் இல்லை. உணவகத்துக்கு எடுத்துப்போய்த் திறந்தால் பாட்டிலுக்கு 15 டாலர் வாங்குவார்கள், அதுவும் அங்கே இரண்டு கிளாஸ் வாங்குவதைவிடக் குறைவு. பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் எடுத்துப் போ. பாட்டில் உடைந்தால் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைகள் தப்பாது.

பிறகு, 600 டாலரைப் பானங்களுக்கென்று ஒதுக்கிவிடு. மனதில் ஒதுக்கினால் போதாது, தனிக் கணக்கில் போட்டு வை. அந்தத் தொகைக்குள் விலைப்பட்டியலைப் பார்க்காமல் கேட்டு வாங்கிக் குடி. உனக்கு வேண்டிய நிம்மதி அதிலேயே கிடைத்துவிடும். இரவு படுக்கும் முன் கப்பலின் செயலியில் அன்றைய செலவை ஒருமுறை பார்த்துக்கொள். ஒரு பானத்தை இரண்டு முறை எழுதிவிடுவது எந்த பாரிலும் நடக்கும். மறுநாளே கேட்டால் திருத்திவிடுவார்கள், கடைசி நாள் காலையில் நீண்ட வரிசையில் நின்று கேட்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு மனம் கேட்கவில்லை என்றால், இப்போதைக்குப் பதிவு செய்து வை. பயணத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்ப வந்துவிடும். விலை குறைந்தால் ரத்து செய்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். கப்பலேறிய பின் முதல் ஓரிரு நாளிலும் விற்பார்கள், விலைதான் பொதுவாகக் கூடுதல். உன் திரையில் 'சலுகை இன்றிரவு முடிகிறது' என்று சிவப்பில் எழுதியிருந்ததே, அதைப் பார்த்துத்தான் நேற்று இரவு பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினாய் என்று நினைக்கிறேன். அந்தச் சலுகை முடிந்ததும் வேறு பெயரில் இன்னொன்று வரும். அவசரப்படாதே.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. தன் பெயரில் 660 டாலருக்கு மது வாங்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

அம்மா உன் கப்பலின் பெயரைக் கேட்கிறாள். கப்பல்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஒரு தளத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பெயரை மறக்காமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா