கர்தார்பூர்ல எருமை கட்டினாங்கன்னு அனுப்பின சித்தப்பாவுக்கு

சித்தப்பா, வணக்கமுங்க.

ஞாயித்துக்கிழமை நம்ம ஃபேமிலி குரூப்ல நீங்க ஃபார்வேர்ட் பண்ண வீடியோவ முழுசா பார்த்தேன். பாகிஸ்தான்ல இருக்கற கர்தார்பூர் குருத்வாரா பாழடைஞ்சு கெடந்த காலத்த சொல்லி, மாட்டுத் தொழுவமா ஆக்கிட்டாங்கன்னு ஒருத்தர் உருக்கமா பேச பின்னாடி சோகமா மியூசிக் ஓடுச்சே, அதுதான். கீழ நீங்க "இதான் அவங்க புத்தி"ன்னு எழுதியிருந்தீங்க, அஞ்சு நிமிஷத்துல ஆளாளுக்கு கைகூப்பி எமோஜி போட்டாச்சு. அங்கயே பதில் எழுதினா வம்பாயிடும், அத்தை வேற நடுவுல ரோஜாப்பூ குட் மார்னிங் போட்டுருவாங்க, அதனால இங்க எழுதறேன், பொறுமையா படிங்க. பதான்கோட்ல பட்டாளத்துல இருந்த ஆளு நீங்க, நூலுக்கும் மெஷினுக்கும் லூதியானா போய்ட்டு வர்ற திருப்பூர்காரன் நான், அவ்வளவுதான் எனக்கு அந்த மண்ணோட பழக்கம்.

மொதல்ல ஒண்ணு, வீடியோவுல சொன்னது பொய் இல்ல. குருநானக் கடைசி பதினெட்டு வருஷம் இருந்து, ஏர் உழுது, 1539-ல கண்ணை மூடின இடம் அது. அவர் போனப்ப எரிக்கணும்னு ஒரு கூட்டம் பொதைக்கணும்னு ஒரு கூட்டம் நின்னுச்சு, போர்வைய எடுத்தா வெறும் பூவுதான் இருந்துச்சுன்னு கதை சொல்லுவாங்கல்ல, அதனாலதான் அங்க இந்து முறையில சமாதியும் இருக்கு, முஸ்லிம் முறையில கப்ருங்கற கல்லறையும் இருக்கு. 1947 ஆகஸ்ட் 17-ஆம் தேதி நாட்டை ரெண்டா பிரிச்ச ராட்க்ளிஃப் கோடு வெளிய வந்தப்ப குர்தாஸ்பூர் ஜில்லாவுல ஷகர்கட் தாலுகா மட்டும் பாகிஸ்தானுக்கு போச்சு, கர்தார்பூர் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. எல்லையிலேர்ந்து நாலு கிலோமீட்டர் கூட சரியா வராது. அதுக்கப்புறம் ரெண்டாயிரம் வாக்குல ரிப்பேர் ஆரம்பிக்கற வரைக்கும் காடு மண்டிதான் கெடந்துச்சு, மாடும் கட்டினாங்க. ராவி ஆத்துக்கு இந்தப் பக்கம் டேரா பாபா நானக்ல நின்னு நம்ம ஆளுங்க பைனாகுலர் வெச்சு அதைப் பார்த்து கும்பிட்டாங்க, அது பதான்கோட்ல இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஆனா சித்தப்பா, யாரு அந்த மாட்டை கட்டினா? அந்தத் தாலுகாவுல இருந்த சீக்கியர் இந்து கிட்டத்தட்ட எல்லாரும் சில மாசத்துக்குள்ள இந்தப் பக்கம் வந்துட்டாங்க, அந்தப் பக்கம் வந்து எறங்கின முஸ்லிம் நம்ம பக்கத்து ஜலந்தர்லயும் ஹோஷியார்பூர்லயும் நெலத்தையும் வீட்டையும் வுட்டுட்டு மாட்டு வண்டியில வந்தவன். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேல ஜனங்க எடம் மாறியிருக்காங்க. அத்தனை பேருக்கும் கூரை வேணும், கெடைச்ச கூரைக்கு அடியில பூந்தாங்க, அதுல கோயில் எது மசூதி எதுன்னு பார்க்கற நெலமையில யாரும் இல்ல. வன்மத்தோட இடிச்சவனும் இருந்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒழுகற மழைக்கு ஒதுங்கினவனையும் கடப்பாரை எடுத்துட்டு வந்தவனையும் ஒரே கணக்குல சேர்த்து "புத்தி"ன்னு எழுதினா அது நமக்கும் சேர்த்துதான் வரும், ஏன்னா நம்ம பக்கம் நடந்ததும் இதேதான்.

அத கண்ணால பார்த்தேன். எனக்கு நூல் குடுக்கற சர்தார்ஜி ஒருத்தர் அவர் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு லூதியானா பக்கத்துல ஒரு கிராமத்துக்கு கூட்டிட்டு போனாரு. கல்யாண வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு வீட்டுக்கு மேல மூணு கும்மட்டம் நிக்குது. முன்னாடி இருந்த மூணு வளைவுல ரெண்டை செங்கல் வெச்சு அடைச்சு ஜன்னல் வெச்சிருக்காங்க, நடு வளைவுல இரும்பு கதவு, கதவு மேல பாதி வளைவு வெளிய தெரியுது, அதுக்குள்ள சிட்டுக்குருவி கூடு. உள்ள போனா மேக்கால செவுத்துல தொழுகை நடத்தறவர் நிப்பாரே அந்த மாடம், அதுல பலகை அடிச்சு பருப்பு டப்பா, மிக்ஸி, குருநானக் படம், ஊசி மருந்து பாக்கெட்டு எல்லாம் அடுக்கியிருக்கு. சுண்ணாம்பு ஏத்தி ஏத்தி செவுத்துல இருந்த பூ வேலையெல்லாம் அமுங்கி மொழுக்குனு இருக்கு, ஒரு மூலையில மட்டும் நீலக் கலர்ல ஒரு இலை எட்டிப் பார்க்குது. வெளிச் செவுத்துல வரிசையா வரட்டி.

அந்த வீட்டு பாட்டிக்கு எண்பதுக்கு மேல இருக்கும். மாமனார் குடும்பம் லயல்பூர்லேர்ந்து வந்து, அதான் இப்ப ஃபைசலாபாத்ங்கறாங்க, ஒரு ஸ்கூல் தாழ்வாரத்துல கெடந்து அப்புறம் இதுல குடியேறினாங்களாம். நான் ஏதோ பெரிய சோகக் கதை வரும்னு உக்காந்தேன், பாட்டி பேசினது முழுக்க கும்மட்டம் ஒழுகறத பத்தி. தட்டை மாடின்னா தார் ஷீட் போடலாம், உருண்டையா இருக்கறதுல என்ன போட்டாலும் வழுக்கிட்டு வந்துடுது, உங்க ஊர்ல இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கான்னு கேட்டாங்க. நம்ம ஊரு வாட்டர்ப்ரூஃப் கம்பெனி ஒண்ணு பேரை எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஊர்க்கோடியில வயலுக்கு நடுவுல ஒரு பீரோட (முஸ்லிம் மகான்) சமாதி, பச்சைத் துணி போர்த்தியிருக்கு, வியாழக்கிழமை ஆனா இதே குடும்பம்தான் போய் வெளக்கேத்துதாம். பஞ்சாப் முழுக்க இப்படித்தான், பீரோட ஜனங்க போயிட்டாங்க, பீர் இருக்காரு, சர்தார்ங்க வெளக்கேத்தறாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான் சித்தப்பா, அந்த மூணு கும்மட்டம் இன்னிக்கு நிக்குதுன்னா அதுக்குள்ள ஆள் இருக்கறதாலதான். ஆள் பொழங்காத கட்டடத்துல அரசமரம் மொளைக்கும், ஊர்க்காரன் செங்கல்ல பேத்து எடுத்துட்டு போவான், அப்புறம் ஒரு மழை போதும். லாகூர் பக்கம் எல்லையை ஒட்டி ஜாமன்னு ஒரு கிராமம், குருநானக் தன் அம்மா வழி ஊருக்கு வர்றப்பல்லாம் தங்கின எடத்துல ரோடி சாஹிப்னு ஒரு குருத்வாரா இருந்துச்சு, கவனிக்க ஆளில்லாம சும்மாவே வுட்டாங்க, 2023 மழையில பெரும்பகுதி சரிஞ்சு விழுந்துடுச்சு. அதே நேரம் குவெட்டாவுல மசூதி ரோட்டுல இருக்கற குருத்வாராவ பொண்ணுங்க ஸ்கூலா வெச்சிருந்தாங்க, 2020-ல எழுபத்தி மூணு வருஷம் கழிச்சு அங்க இருக்கற சீக்கியர்ங்க கையில குடுத்தாங்க, குடுக்கறதுக்கு கட்டடம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல. பெஷாவர்ல பாய் பீபா சிங் குருத்வாராவும் 2016-ல தெறந்தாங்க, ஏன்னா பழங்குடி பகுதியிலேர்ந்து வந்த பஷ்தோ பேசற சீக்கியர்ங்க அங்க இருக்காங்க, கும்பிட ஆள் இருக்கு. இதைத்தான் அந்த வீடியோ எடுத்தவன் சொல்லாம வுட்டுட்டான்.

நீங்க கோவப்பட வேண்டிய எடம் வேற. கட்டடத்தை வுடுங்க, அதோட நெலம் எங்க போச்சுன்னு கேளுங்க. குருநானக் பொறந்த எடமான நன்கானா சாஹிபுக்கு மட்டும் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கு. பாகிஸ்தான்ல இதையெல்லாம் பார்த்துக்க 1960-ல ஒரு சொத்து வாரியம் போட்டாங்க, குத்தகை, வாடகை, ஏலம் எல்லாம் அதுதான், நம்ம அறநிலையத்துறை நெலத்துக்கு நடக்கற பஞ்சாயத்து அத்தனையும் அங்கயும் நடக்குது. இந்தப் பக்கம் மசூதிக்கும் கபர்ஸ்தானுக்கும் இருந்த நெலம் வக்ஃப் போர்டு கணக்குல இருக்கு, கணக்குல மட்டும்தான் இருக்குன்னு அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஊருக்கு நடுவுல ப்ளாட் வெலை ஏறுனதும் மசூதி செவுத்துக்கு ஆபத்து வந்துடுது. மாடு கட்டினவனால வந்த சேதத்தைவிட கடை கட்டினவனால வந்த சேதம் அதிகம்னு நான் சொல்லுவேன், ரெண்டு பக்கமும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டம் இருக்குல்ல, 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு எது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு. கிழக்கு பஞ்சாப்ல பெரும்பாலான மசூதிங்க கை மாறினது அதுக்கு அப்புறம், அந்த ஆகஸ்ட் கடைசியிலயும் செப்டம்பர் அக்டோபர்லயும். தேதிப்படி பார்த்தா அதெல்லாம் மசூதிதான். ஆனா அதே சட்டத்துல ஒரு சந்து வெச்சிருக்காங்க, சட்டம் வர்றதுக்கு முன்னாடியே எதிர்ப்பு இல்லாம மாறினது, வழக்கு போடற காலக்கெடு தாண்டினது இதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு. எதிர்ப்பு எப்படி இருக்கும், எதிர்க்க வேண்டியவன்தான் வாகா எல்லை தாண்டி போயிட்டானே.

டெல்லியில மட்டும் ஒருத்தர் இதுக்காக பட்டினி கெடந்தாரு. 1948 ஜனவரி 13-லேர்ந்து 18 வரைக்கும் காந்தி இருந்த கடைசி உண்ணாவிரதத்துல, ஆக்கிரமிச்ச மசூதிங்கள திருப்பிக் குடுக்கணும்ங்கறதும் ஒண்ணு, மெஹ்ரௌலி தர்காவுல உருஸ் திருவிழா நடக்கணும்ங்கறது இன்னொண்ணு. எழுதிக் குடுத்த தலைவர்ங்க அதுல போலீஸ் மிலிட்டரி ஒத்தாசை இல்லாம நாங்களே செஞ்சு குடுப்போம்னு சேர்த்து எழுதினாங்க. ஜனவரி 27-ஆம் தேதி அவரே மெஹ்ரௌலி உருஸுக்கு போனாரு. மூணு நாள்ல சுட்டுட்டாங்க.

அந்தப் பக்கமும் நம்பவே முடியாத கதை ஒண்ணு இருக்கு, லாகூர் ஷஹீத் கஞ்ச். மசூதியா குருத்வாராவான்னு பல வருஷ கேஸ், 1935-ல சீக்கியர்ங்க மசூதிய இடிச்சாங்க, லாகூரே ரெண்டுபட்டுச்சு, அப்ப கடைசி கோர்ட்டா இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1940-ல சீக்கியர் பக்கம் தீர்ப்பு. ஏழு வருஷத்துல லாகூர் முழுசா முஸ்லிம்ங்க கைக்கு வந்துடுச்சு, கேக்க நாதி இல்ல, ஒரே ராத்திரியில மாத்தியிருக்கலாம். மாத்தல. இன்னிக்கும் அது குருத்வாராவாத்தான் நிக்குது. இதுக்கு எமோஜி எது போடுவீங்க?

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது குர்தாஸ்பூர் ஜில்லா ஸ்ரீ ஹர்கோபிந்த்பூர். பியாஸ் ஆத்தங்கரையில ஆறாவது குரு ஹர்கோபிந்த் காலத்துல அங்க இருந்த முஸ்லிம்ங்களுக்குன்னு அவரே ஒரு மசூதி கட்டிக் குடுத்தாரு, குரு கீ மசீத்னே அதுக்கு பேரு. 1947-ல தொழறவங்க எல்லாம் போயிட்டாங்க. நீல டிரெஸ் போட்டு ஆளு ஒசரத்துக்கு வேல் வெச்சுட்டு சுத்துவாங்களே சீக்கிய வீரர்ங்க, நிஹாங்குங்க, அவங்க உள்ள வந்து, குரு கட்டினது கேட்பாரத்து கெடக்கக் கூடாதுன்னு சீக்கியரோட புனித நூலான கிரந்த சாஹிபை வெச்சு, கொடி நட்டு, கூட்டிப் பெருக்கி பார்த்துக்கிட்டாங்க. ரெண்டாயிரம் வாக்குல கட்டடத்தை புதுப்பிக்கற வேலை நடந்தப்ப விஷயம் வெளிய வந்து வக்ஃப் போர்டும் வந்துச்சு. அடிதடி ஆகும்னுதான் எல்லாரும் நெனைச்சிருப்பாங்க, பேசித் தீர்த்துக்கிட்டாங்க, எடம் மசூதிதான், பார்த்துக்கறது நிஹாங்குங்க. 2002-ல அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அங்க தொழுகை நடந்துச்சு. தொழ ஊர்ல ஆள் இல்லாம வெளியூர்லேர்ந்து வந்தாங்க, அதையும் சொல்லிடணும்.

இப்பல்லாம் பஞ்சாப் கிராமத்துல பழைய மசூதிய எடுத்துக் கட்டிக் குடுக்கறாங்கன்னு நியூஸ் வருது. 2010-ல சம்ராலா பக்கம் சர்வர்பூர், 2021-ல மோகா ஜில்லா பலூர். பலூர்ல முஸ்லிம் குடும்பம் மொத்தமே நாலு, அடிக்கல் நாட்டற அன்னிக்கு மழை கொட்டவும் விழாவையே குருத்வாராவுக்கு மாத்தி அங்கயே சமையலும் நடந்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா இதை வெச்சு "பஞ்சாப்ல எல்லாம் சரியாயிடுச்சு"ன்னு எழுதறவங்கள பார்த்தா எரிச்சலா வருது. நாலு குடும்பத்துக்கு எடம் வுடறது சுலபம், நானூறு குடும்பம் இருந்து ஓட்டும் இருந்தா அப்ப பேசலாம்.

சீக்கியர்ங்க தெனமும் சொல்ற அர்தாஸ் பிரார்த்தனையில பிரிவினைக்கு அப்புறம் ஒரு வரி சேர்த்தாங்க, எங்கள வுட்டு பிரிஞ்ச நன்கானா சாஹிபையும் மத்த குருத்வாராங்களையும் தடையில்லாம தரிசிக்கவும் சேவை செய்யவும் வரம் குடுன்னு. 2019 நவம்பர் 9-ஆம் தேதி கர்தார்பூர் வழி தெறந்தப்ப விசா இல்லாம போற அளவுக்கு அது பலிச்சுச்சு. சர்தார்ஜி போயிட்டு வந்து போட்டோ காட்டினாரு, கண்ணு கூசற மாதிரி வெள்ளை மார்பிள் முத்தம், குரு உழுத வயலுல பாதி அதுக்கு அடியில போயிடுச்சுன்னு அவருக்கே வருத்தம். கெணத்துப் பக்கம் 1971-ல நம்ம விமானம் போட்டதுன்னு ஒரு குண்டை கண்ணாடி கூண்டுல வெச்சிருக்காங்களாம். அப்புறம் கொரோனாவுக்கு மூடி, தெறந்து, 2025 மே 7-ஆம் தேதி சண்டையோட நம்ம பக்கம் திரும்ப நிறுத்திட்டாங்க. அந்த வீடியோவுல இதுவும் இல்ல.

சித்தப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதான்கோட்ல உங்க யூனிட்டுக்கு பக்கத்துல ஒரு பழைய மசூதியில ஸ்டோர் வெச்சிருந்தாங்கன்னு சின்ன வயசுல நீங்க சொல்லி கேட்டிருக்கேன், எந்தத் தெரு, உள்ள என்ன வெச்சிருந்தீங்க, கூரை அப்ப எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கறதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தீபாவளி முடிஞ்சதும் லூதியானா போறேன், அப்படியே பதான்கோட்டுக்கும் பஸ் ஏறி தேடிப் பார்க்கலாம்னு இருக்கேன். குரூப்ல வேண்டாம், எனக்கு தனியா அனுப்புங்க.

சித்திக்கு என் வணக்கத்த சொல்லுங்க, முட்டி வலி மருந்தை நிறுத்த வேண்டாம்னும் சொல்லுங்க.