தூக்கிக் கொஞ்சாமலே கொடுத்தவர்களுக்கு

அன்பு நெஞ்சங்கள் அனைவருக்கும் வணக்கம்.

போர்னியோ தீவின் காடுகளில் தாயை இழந்த ஒராங்குட்டான் மனிதக்குரங்குக் குட்டிகளுக்காக எட்டு மாதமாக நாங்கள் நடத்திவந்த நிதி திரட்டல் போன வாரத்தோடு முடிந்தது. அந்தத் தீவின் இந்தோனேசியப் பகுதியான மத்திய கலிமந்தானில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்குப் பணம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீது வந்துவிட்டது, வரவு செலவுக் கணக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்திருக்கும். கணக்கில் ஏற்ற முடியாத ஒன்றையும் நீங்கள் செய்தீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் அடித்த சுவரொட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டயப்பர் கட்டிய குட்டி ஒன்றை ஒருவர் மார்போடு அணைத்துப் பால்புட்டி கொடுக்கும் படம். பார்த்தவர்கள் எல்லாரும் உருகிப்போனார்கள். முதல் இரண்டு நாளில் வந்த பணம் எங்களையே திகைக்கவைத்தது. மூன்றாம் நாள், காட்டுவிலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. "அந்தப் படத்தைப் பார்த்து நூறு பேர் பணம் கொடுப்பாங்க. அதுல ஒருத்தருக்கு, 'இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்'னு தோணிட்டாலும் போதும், எங்கேயோ ஒரு தாய் செத்துப்போயிடும்" என்றார். அன்று இரவே படத்தை எடுத்தோம். டாக்டர், உங்களுக்கு எங்கள் முதல் நன்றி. அந்த அழைப்பு வராமல் போயிருந்தால் எட்டு மாதமும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே தீங்கு செய்திருப்போம்.

அவர் சொன்னதன் முழுப்பொருள் எங்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குரங்குக் குட்டியோ தானே தாயைப் பற்றிக்கொள்ளும் என்பது நம் பெரியவர்கள் பக்தியை விளக்க எடுத்துச் சொன்ன உவமை. மர்க்கட நியாயம் என்பார்கள். ஒராங்குட்டான் குட்டியின் வாழ்க்கையே அந்தப் பிடியில்தான் தொடங்குகிறது. முதல் சில ஆண்டுகள் தாயின் ரோமத்தைப் பற்றியபடியேதான் மரம் மரமாகப் போகும். ஆறேழு வயதுவரை பால் குடிப்பதும் உண்டு. இரவில் தாயோடு ஒரே கூட்டில் உறங்கும். தாயும் உயிரோடு இருக்கும்வரை குட்டியை யாரிடமும் விடாது. ஆகவே குட்டி வேண்டுமென்று வருகிறவன் தாயைச் சுட்டுத்தான் கீழே தள்ளுகிறான். அப்போதும் குட்டி பிடியை விடுவதில்லை. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இது தெரிந்தபிறகு "அநாதைக் குட்டி" என்று எழுதக் கை வரவில்லை. ஏதோ விதி வசத்தால் தாய் போய்விட்டது போன்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. இந்தக் குட்டிகள் அநாதையாக்கப்பட்டவை. விற்பனைக்காகக் கொன்றதும் உண்டு, பயிரை அழிக்கிறது என்று தோட்டத்தில் வைத்துக் கொன்றதும் உண்டு. இந்தோனேசியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் விற்பதையும் தடைசெய்கிறது. நாடுகளுக்கிடையிலான வாணிபத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் தடுக்கிறது. இருந்தும் குட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப எவ்வளவு காலமாகும் என்று பள்ளிகளில் பேசும்போதெல்லாம் கேட்டார்கள். ஒரு பேறுக்கும் அடுத்த பேறுக்கும் இடையில் ஏழெட்டு ஆண்டுகள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எதற்கும் இல்லை. 1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் இல்லாமல் போயின என்று 2018இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தோனேசியாவின் இன்னொரு தீவான சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் இருக்கும் தபானுலி ஒராங்குட்டானைத் தனி இனம் என்று அறிவித்ததே 2017இல்தான். மிஞ்சியிருப்பவை 800க்கும் குறைவு. அறிமுகமான அன்றே அழிவின் விளிம்பில் நின்ற இனம் அது.

படத்தை எடுத்ததும் நன்கொடை சட்டென்று குறைந்தது. இரண்டு மாதம் மிகவும் சோர்ந்துபோயிருந்தோம். அந்த இரண்டு மாதத்தில் கொடுத்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். உங்களுக்கு நாங்கள் காட்டியதெல்லாம் ஒரு மரம், ஒரு கூண்டுக் கதவு, ஒரு மருந்துப் பட்டியல். குட்டியோடு படம் எடுத்துக்கொள்ளலாமா, நேரில் போய்க் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொன்னோம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் சளியும் காய்ச்சலும் காசநோயும் அவற்றுக்கும் தொற்றும். உடம்பின் அமைப்பில் அவ்வளவு நெருக்கம். எங்களோடு வந்த செவிலியர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் முகக்கவசத்தைக் கையில் பிடித்துக்காட்டி இதை விளக்கினார். பணி முடிந்த களைப்போடு வந்து ஒரே செய்தியை இருபது தடவைக்கு மேல் பொறுமையாகச் சொன்னார். அம்மா, நன்றி.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "தாய் தகப்பன் இல்லாத மனிதக் குழந்தைகள் இருக்கும்போது குரங்குக்கு எதற்குப் பணம்?" என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து கேட்டவர். இன்றும் அவர் கருத்து மாறவில்லை, ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் துண்டறிக்கையை வரிக்கு வரி படித்துவிட்டு மறுவாரம் வந்தார். எண்ணெய்ப்பனை நடுவதற்காக ஒராங்குட்டான் வாழும் காடுகளை அழிக்கிறார்கள் என்பதால் "பாமாயிலைப் புறக்கணியுங்கள்" என்று மொட்டையாக எழுதியிருந்ததை அடித்துக் காட்டினார். இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சிறு விவசாயிகளின் கையில் இருக்கிறது; அதே அளவு எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்க வேண்டுமானால் பல மடங்கு நிலம் வேண்டும்; அப்போது அழிவது வேறொரு காடு. தேடிப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. காட்டை அழிக்காமல் விளைந்த எண்ணெயைத்தான் வாங்குவோம் என்று நிறுவனங்களைக் கேளுங்கள் என்று மாற்றி எழுதினோம். ஐயா, எங்களோடு ஒத்துப்போகாமலே எங்களைத் திருத்தினீர்கள். உங்களுக்கும் கைகூப்பு.

பணம் எங்கே போகிறது என்பதை நானே ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. மையத்தின் ஓரமாக, தூரத்தில் நின்றுதான் பார்க்கவிட்டார்கள். விடிந்ததும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் குட்டிகளை ஏற்றிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நாலைந்து குட்டிகள். தள்ளுகிறவர்கள் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், தாங்களே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். காட்டுப் பள்ளி என்று அந்த இடத்தைச் சொல்கிறார்கள். மரம் ஏறக் கற்றுக்கொடுப்பது, எந்த இலையைத் தின்னலாம், எந்தப் பட்டையை உரிக்கலாம், கரையான் எங்கே இருக்கும் என்று காட்டுவது, கிளைகளை மடித்துக் கூடு கட்டப் பழக்குவது. காட்டில் ஒரு தாய் நூற்றுக்கணக்கான தாவரங்களைக் காட்டிக்கொடுத்து ஏழெட்டு வருடத்தில் சொல்லித்தரும் பாடம் இது.

அன்று ஒரு குட்டி மரத்தில் ஏற மறுத்து அடிமரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தது. கவனித்துக்கொள்ளும் பெண் அதைத் தூக்கவில்லை. நாலடி தள்ளிப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அழுதது. அவர் திரும்பவில்லை. கால்மணி நேரம் இருக்கும், அது ஒரு கை மேலே வைத்தது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரிந்தது, குட்டிக்குத் தெரியவில்லை. பிள்ளை முதன்முதலில் தனியாக நடப்பதைப் பார்க்கும் முகம் அது. பிறகு சொன்னார்: சின்னதாக இருக்கும்போது ராத்திரியெல்லாம் அணைத்து வைத்திருப்போம், வளர வளர அது எங்களைத் தேடாதபடி பழக்குவதுதான் எங்கள் வேலை. இந்தப் பெண்களின் சம்பளத்தில் ஒரு பகுதி நீங்கள் கொடுத்தது.

பள்ளி முடிந்தபிறகு ஆற்றுத் தீவுகளில் விட்டுப் பார்ப்பார்கள். தானே பிழைக்கத் தெரிந்தவை மட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுக்குப் போகும். விடுவதற்கு முன் உடம்பில் சிறு சமிக்ஞைக் கருவி வைத்துப் பின்தொடர்வார்கள். அப்படிப் போனவற்றில் சில, காட்டிலேயே குட்டி ஈன்றிருக்கின்றன. திரும்பிப் போகவே முடியாதவையும் உண்டு. பார்வை போனவை, கை முடங்கியவை, தீராத தொற்று உள்ளவை. அவற்றுக்கு வாழ்நாள் முழுதும் சோறு போட வேண்டும், காட்டில் விட்டோம் என்ற மகிழ்ச்சியான செய்தி ஒருநாளும் வராது. அவற்றின் பெயரில் மட்டுமே மாதாமாதம் கொடுத்த சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

இன்னொன்று. திரட்டியதில் ஒரு பங்கைத் தீயணைப்புக் குழாய்களுக்கும் பம்புகளுக்கும் தரலாமா என்று நடுவில் உங்களைக் கேட்டோம். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. மக்கிய தாவரங்கள் படிந்து உருவான கரிச்சேற்று நிலத்தை நீர் வடித்துக் காயவைத்திருந்தார்கள்; அது தரைக்கடியில் வாரக்கணக்கில் புகைந்தது. பிழைத்த குட்டிகளுக்கும் அந்தப் புகையில் மூச்சு முட்டியது. குட்டிக்கென்று கொடுத்த காசைக் குழாய்க்குத் தருவதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

சுவரொட்டிகளை இலவசமாக அடித்துக்கொடுத்த அச்சகத்தாருக்கும், இந்தோனேசிய மொழிக் கடிதங்களை இரவோடு இரவாக மொழிபெயர்த்த தம்பிக்கும், கணக்கைச் சரிபார்த்த அக்காவுக்கும், மழையில் நனைந்து உண்டியலோடு நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களோடு பள்ளி பள்ளியாக வந்தார். ஒரு வகுப்பில் மூன்றாம் வகுப்புச் சிறுமி, "டீச்சர், நான் ஒரே ஒரு தடவை தூக்கிட்டுக் கொடுத்துடறேன், கூடாதா?" என்று கேட்டாள். ஆசிரியை அவளருகே உட்கார்ந்து, "அது ஏற்கெனவே அம்மாவை விட்டிருக்கு. உன்னைப் பிடிச்சுப்போச்சுன்னா, உன்னையும் விடணுமே கண்ணு" என்றார். சிறுமி ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். உயரமான மரம், உச்சியில் இலைகளை மடித்த கூடு, அவ்வளவுதான். குட்டி எங்கே என்று கேட்டோம். "உள்ளே தூங்குது. கீழேயிருந்து பார்த்தா தெரியாது."

அதைத்தான் இப்போது சுவரொட்டியாக அடித்திருக்கிறோம். பழைய படம் இன்னும் யார் வீட்டுச் சுவரிலாவது, அலுவலகப் பலகையிலாவது ஒட்டியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இந்த மடலோடு புதியது ஒன்று வைத்திருக்கிறோம். அதே இடத்தில் இதை ஒட்டுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
நிதி திரட்டிய குழுவின் சார்பில்